மூன்று பழைய கணினிகளில் கே3எஸ்: பெயரால் வந்த வினை

மன்னார்குடியில் மாமாவின் அரிசி ஆலையில் மூன்று பழைய கணினிகள் சும்மா கிடந்தன. எடைச்சீட்டுச் செயலி ஒன்றில் படுத்தால் இன்னொன்றில் எழ வேண்டும், அவ்வளவுதான் தேவை. (டேட்டாபேஸ் தனியாக வெளியே இருக்கிறது.) பல கணினிகளில் செயலிகளை ஓட்டி மேய்க்கும் குபர்னெட்டீஸ் என்ற மென்பொருளின் முழு வடிவத்தை முதலில் முயன்றேன். கன்டெய்னர் இயக்கி, நெட்வொர்க் ப்ளகின், ஸ்வாப் என்று ஒரு சனி ஞாயிறே போனது. அதன் இலகு வடிவமான கே3எஸ், இவற்றில் முதல் இரண்டையும் 100 எம்பிக்கும் குறைவான ஒரே பைனரியில் (இயங்கும் கோப்பில்) கட்டித் தருகிறது.

உபுண்டு சர்வர் என்ற லினக்ஸைப் போட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. ரவுட்டரில் மூன்றுக்கும் நிலையான ஐபி ஒதுக்குங்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி, ஏஜென்ட்டுகள் (வேலை செய்யும் கணினிகள்) சர்வரை (அவற்றை மேய்க்கும் கணினியை) தேடி அலையும்.

2. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வையுங்கள். நான் ஒரு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மூன்றிலும் போட்டதால் மூன்றுக்கும் ஒரே ஹோஸ்ட்நேம். ஏஜென்ட் சேரவில்லை. லாகில் 'நோட் பாஸ்வேர்ட் ரிஜெக்டட்' என்று வந்தது (நோட் என்றால் குழுவில் உள்ள ஒரு கணினி). சர்வரோடு சேரக் கொடுக்கும் டோக்கன் என்ற ரகசியக் குறியீடுதான் தப்பு என்று நினைத்து ஐந்து முறை திரும்பத் திரும்ப ஒட்டினேன். அது டோக்கனே இல்லை! ஒவ்வொரு கணினியும் சேரும்போது தன் பெயரில் ஒரு ரகசியச் சொல்லைப் பதிகிறது. அதே பெயரில் வேறு சொல்லோடு இன்னொன்று வந்தால் சர்வர் உள்ளே விடாது. பெயரை மாற்றி ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்ததும் சேர்ந்துவிட்டது. மேட்டூர், கல்லணை, பூம்புகார் என்று வைத்தேன். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வையுங்கள், அடிக்கோடு கூடாது.

3. கே3எஸ் தளத்தின் முகப்பிலேயே இருக்கும் ஒற்றை வரிக் கட்டளையை மேட்டூரில் ஓட்டுங்கள், அதுதான் சர்வர். மேட்டூர் அணை திறப்பதுபோல் ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டாம், அரை நிமிடம் போதும்.

4. மேட்டூரில், கே3எஸ்ஸின் சர்வர் ஃபோல்டரில் இருக்கும் நோட்-டோக்கன் கோப்பைத் திறந்து டோக்கனை நகலெடுங்கள். விம் எடிட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், எளிய நானோ எடிட்டர் போதும்.

5. மற்ற இரண்டிலும் அதே வரி. கூடவே மேட்டூரின் முகவரி, 6443 போர்ட், டோக்கன். அப்புறம் மேட்டூரில் நோட் பட்டியலைப் பாருங்கள், மூன்றும் 'ரெடி' என்று இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: மேட்டூரே படுத்தால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டார். சரியான கேள்வி. கல்லணையிலும் பூம்புகாரிலும் ஓடுவது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் விழுந்ததைத் தூக்கி வேறிடத்தில் வைக்க ஆள் இருக்காது. அதற்கு மூன்றையும் சர்வராகவே, குழுவின் நிலவரத்தைச் சேமிக்க எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்குப் பதில், மூன்றிலும் பகிர்ந்து வைக்கும் எட்சிடியோடு நிறுவ வேண்டும். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.