காவிரி டெல்டாவில் கடைசிக் காரியம்: உயிரோடு இருக்கும்போதே பேசி வைக்க வேண்டியவை

எங்கள் அப்பா இறந்தது ஒரு கார்த்திகை மாதம், விடாமல் மூன்று நாள் அடைமழை. தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, போகிற வழி முழுக்க சம்பா நிற்கிற வயல். தொடையளவு தண்ணீரில் பாடையைத் தூக்கிக்கொண்டு வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் நடந்தார்கள், பின்னால் போன எனக்கு அழுகைகூட வரவில்லை, யாருக்கும் கால் வழுக்கிவிடக் கூடாதே என்ற பயம்தான் இருந்தது. வறட்டி நனைந்துவிட்டது. எரிமேடைக் கொட்டகையில் பாதிக்கு மேல் தகரம் இல்லை. இந்த மழையில் எப்படி எரியும், புதைத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்ல, நம் வழக்கத்தில் இல்லாததை எப்படிச் செய்வது என்று சித்தப்பா சொல்ல, சுடுகாட்டில் நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பேச்சு. அப்பா என்ன விரும்பினார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டதே இல்லை.

அதற்கப்புறம் நான் செய்த முதல் வேலை அம்மாவிடம் கேட்டது. உடனே கேட்கவில்லை, கருமாதி முடிந்து நாலு மாதம் கழித்து, வறட்டி தட்டிக்கொண்டிருந்தபோது. "ஈரத்துல என்னைப் போட்டுடாதடா, தஞ்சாவூருக்குக் கொண்டு போயி கேஸ் மேடையில வச்சிடு, நெய்ப்பந்தம் மட்டும் பேரப்புள்ளைங்க புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வறட்டியைத் தட்டினார். இவ்வளவுதான். அபசகுனம் என்று நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரியவர்கள் பயப்படுவதில்லை, பலர் கோடித் துணிக்கும் செலவுக்கும் பணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் இருக்கிறார்கள். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் வேறு ஒரு சாவுக்குக் கேதம் கேட்கப் போய்விட்டு வருகிற வழியில் பேச்சைத் தொடங்குங்கள், அதுவாகவே வரும்.

என்ன கேட்பது? எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், யார் கொள்ளி வைப்பது, எந்தச் சடங்கு வேண்டும் எது வேண்டாம், கண்தானம் உடல்தானத்தில் விருப்பம் உண்டா, வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்க வேண்டுமா. கொள்ளி விஷயத்தை வெளிப்படையாகவே கேளுங்கள். மகள் வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஆனால் அம்மாவோ அப்பாவோ நாலு பேர் முன்னிலையில் "என் மகதான் வைக்கணும்" என்று ஒரு தடவை சொல்லி வைத்திருந்தால் அன்றைக்கு எந்தப் பங்காளியும் வாய் திறக்க முடியாது. உயிலில் மட்டும் எழுதி வைக்காதீர்கள், உயிலைப் பிரிப்பதே காரியம் முடிந்த பிறகுதான். ஒரு தாளில் எழுதி, வீட்டில் இரண்டு பேருக்காவது அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.

இப்போது இடம். நம் பக்கத்தில் சுடுகாட்டைச் சித்திரையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஐப்பசியில் போய்ப் பாருங்கள். பாதை மூழ்குகிறதா, வாய்க்காலுக்கு மதகோ பாலமோ உண்டா, கொட்டகைக்குக் கூரை இருக்கிறதா, தண்ணீருக்கு அடிபம்பு இருக்கிறதா. மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால் ஓடத் தொடங்கியதும், அதன் மேல் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால், டெல்டாவில் எத்தனையோ ஊர்களில் பிணம் வயலில் இறங்கித்தான் போகிறது. அந்த வழி வருவாய்க் கணக்கில் பாதையாக இருக்கிறதா, யாருடைய பட்டாவிலோ ஓடுகிற வெறும் வரப்பா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் புலப்படத்தை (நில அளவை வரைபடம்) பார்த்துச் சொல்லிவிடுவார். பாதை இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போட வையுங்கள். வருடத்துக்கு 6 கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தனியாக மனு கொடுத்தால் காகிதக் கட்டோடு கட்டாகப் போய்ச் சேரும், தீர்மானமாக ஏறினால் திரும்பத் திரும்பக் கேட்க ஒரு பிடி இருக்கும். எங்கள் ஊரில் கூரை அப்படித்தான் வந்தது, பாதைக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் தெருவுக்கொரு சுடுகாடு, சாதிக்கொரு வழி. பிணத்தை இந்தத் தெரு வழியாகக் கொண்டு போகாதே, இந்த மயானத்தில் வைக்காதே என்று பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம், 2015ஆம் ஆண்டுத் திருத்தம் மயானத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வழியில் அப்படிப் பிரச்சினை வரும் ஊர் என்றால் சாவு விழுந்த பிறகு பேச ஆரம்பிக்காதீர்கள், முன்பே வட்டாட்சியரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தாகக் கொடுத்து வைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இறந்தவர் வாசலில் கிடக்கும்போது ஒரு குடும்பம் வழிக்காகக் கெஞ்சி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அது வரக் கூடாது.

சொந்தக் கொல்லையிலேயே புதைத்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கிராம ஊராட்சிகளுக்கு 1999இல் வந்த இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி பதிவு செய்த இடத்திலோ உரிமம் பெற்ற இடத்திலோதான் அடக்கம் செய்ய வேண்டும். தோப்பில்தான் என்னை வைக்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக இருந்தால் இப்போதே ஊராட்சியில் விசாரியுங்கள், பிறகு தோண்டி எடுக்கிற நிலைமை வந்தால் அது இன்னொரு சாவு.

கிறிஸ்தவக் குடும்பங்கள் தங்கள் கோயில் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை யார் பெயரில் இருக்கிறது, அதே குழியைத் திரும்பத் திறக்க எத்தனை வருடம் ஆக வேண்டும் என்று பங்குப் பணியாளரிடம் (பாதிரியார்) கேட்டுவிடுவது நல்லது, இது பங்குக்குப் பங்கு மாறும். ஊரை விட்டுப் போய்த் திருச்சியிலோ சென்னையிலோ இருப்பவர்கள் சொந்தப் பங்கில் பெயர் இன்னும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் வீட்டில் மௌத்து என்றால் ஜமாஅத்தே குழி, கஃபன் துணி, உடலைத் தூக்கிப் போகிற சந்தூக் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், கூடிய சீக்கிரம் அடக்கம் செய்வதுதான் வழக்கம் என்பதால் அங்கே காகிதம் தயாராக இருப்பது இன்னும் முக்கியம்.

எரிவாயு தகனமேடை என்று முடிவு செய்திருந்தால் எது பக்கம், அதன் தொலைபேசி எண் என்ன, எத்தனை மணி வரை எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்று ஒரு நாள் நேரிலேயே போய்க் கேட்டு வாருங்கள். மருத்துவர் சான்று, இறந்தவர் ஆதார், கூட வருபவர் ஆதார், இவற்றின் நகல் வேண்டும். எரிந்து முடிய ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், அஸ்தியை அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம், மறுநாள் சுடுகாட்டுக்குப் போய் அஸ்தி எடுக்கிற காடாத்து வழக்கம் உள்ளவர்கள் அதைப் பெரியவர்களிடம் முன்பே பேசி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், எடுக்காமல் எரித்தால் வெடிக்கும். மருத்துவரை வைத்து எடுத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். ஊரிலேயே மூட்டம் போட்டு, அதாவது வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, எரிப்பதென்றால் வறட்டியை மாசி பங்குனி வெயிலில் காய வைத்துப் பரணில் ஏற்றுங்கள். வைக்கோலும் அப்படித்தான், இப்போது அறுவடை மெஷின் வந்து, கட்டு போட்டு விற்றுவிடுவதால் அவசரத்துக்கு வீட்டில் ஒரு பிடி இருப்பதில்லை.

மருத்துவர் சான்று என்றேன், வீட்டில் இறப்பவர்கள் விஷயத்தில் எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில், இரவு 2 மணிக்கு, யாரைக் கூப்பிடுவீர்கள்? படுத்த படுக்கையாக இருப்பவரை வழக்கமாகப் பார்க்கிற மருத்துவரிடம் "அப்படி ஏதாவது ஆனால் வந்து பார்த்து எழுதித் தருவீர்களா" என்று இன்றைக்கே கேளுங்கள். சிகிச்சைச் சீட்டுகளை ஒரே பையில் வையுங்கள்.

அப்புறம், பாம்பு கடித்தோ, மின்சாரம் தாக்கியோ, ஆற்றில் மூழ்கியோ, விபத்திலோ இறந்தால் கதை வேறு. காவல் நிலையத்தில் சொல்லி, முதல் தகவல் அறிக்கை போட்டு, உடற்கூராய்வு முடிந்துதான் உடல் வர வேண்டும். "அறுக்க வேண்டாம், பாவம்" என்று அவசரமாக எரித்துவிட்டு, பிறகு இன்சூரன்ஸுக்கும் அரசு நிவாரணத்துக்கும் ஒரு காகிதமும் இல்லாமல் நிற்கிற விவசாயக் கூலிக் குடும்பங்கள் எங்கள் பக்கமே இருக்கின்றன. மனசு கேட்காது, தெரியும். இருந்தாலும் அந்த ஒரு நாள் பொறுங்கள்.

அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377. ஐஸ் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று இரண்டு எண்ணாவது குறித்து வையுங்கள், கூடவே ஜெனரேட்டர் யாரிடம் என்றும். கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது நாகை, திருவாரூர் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, பெட்டி இருந்து என்ன செய்வது. சிங்கப்பூர், துபாய், கத்தாரில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்பதைக் குடும்பமாகச் சேர்ந்து பேசி, அந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். விடுப்பு கிடைக்காமல் போனால் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன், எடுத்துவிடுங்கள் என்று அவனே முன்பு சொல்லியிருந்தால், காலம் முழுக்க யாருக்கும் மனக்குறை இருக்காது.

கண்தானம் என்றால் 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மூச்சு நின்றதும் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்திவிட்டு, உடனே கண் வங்கிக்குச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர் எல்லாரும் கொடுக்கலாம். உடல்தானம் தஞ்சாவூர், திருவாரூர் போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில். உயிரோடு இருக்கும்போது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அன்றைக்கு வீட்டார் சம்மதித்தால்தான் நடக்கும், அதனால் பிள்ளைகளிடம் சொல்லாமல் தனியாகப் போய்ப் பதிந்துவிட்டு வருவதில் பயனில்லை. உடற்கூராய்வு செய்த உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம். வங்கியில் இருப்பது அன்றைக்குக் கைக்கு வராது. கணவன் மனைவி கணக்கை இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கிற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள், கொஞ்சம் ரொக்கம் வீட்டிலேயே இருக்கட்டும். ஊரில் பாடை கட்டுபவர், குழி வெட்டுபவர், மூட்டம் போடுபவர், பறை அடிப்பவர், சங்கு ஊதுபவர், பந்தல், பூ, வண்டி என்று யாருக்கு என்ன நடப்புக் கூலி என்று சமீபத்தில் காரியம் செய்த வீட்டில் கேட்டு எழுதி வையுங்கள். இதில் ஒன்று: சுடுகாட்டு வேலை செய்பவரிடம் பேரம் பேசாதீர்கள், சரக்கு வாங்கிக் கொடுத்துக் கணக்கை நேர் செய்யாதீர்கள். நம் அப்பாவை நாம் விட்டுவிட்டு வந்த பிறகு ராத்திரி முழுக்கக் கூட இருப்பவர் அவர்தான். கூலியைக் கையில் கொடுங்கள், அண்ணன் என்று கூப்பிட்டுக் கொடுங்கள்.

இறப்பைப் பதிவு செய்ய 21 நாள். அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியின் ஆணை வாங்கி வர வேண்டியிருக்கும், அலைச்சல். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம், நகரத்தில் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ. சொந்த ஊரில் இல்லை, உயிர் போன இடத்தில்தான் பதிவு, கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் தஞ்சாவூரில். பெயர் ஆதாரில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று கொடுக்கும்போதே பாருங்கள். எங்கள் அப்பா பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப் போனதற்கு நான் வாரிசுச் சான்றிதழுக்காகவும் வங்கிக்காகவும் எட்டு மாதம் நடந்தேன்.

அஸ்தி கரைப்பது கடைசி. ஆடியில் இறந்தால் காவிரி நிறையத் தண்ணீர், திருவையாறோ மயிலாடுதுறை துலாக் கட்டமோ போய்விட்டு வரலாம். மேட்டூரை ஜனவரி 28இல் மூடிவிட்டால் பங்குனி, சித்திரையில் ஆறு வெறும் மணல்தான், அப்போது பூம்புகாரோ வேதாரண்யம் பக்கம் கோடியக்கரையோ கடலுக்குத்தான் போக வேண்டும். அதையும் அம்மாவிடம் கேட்டேன். கோடைக்காலமாக இருந்தால் கொல்லையில் தென்னங்கன்று வைத்து அதன் அடியில் போட்டுவிடச் சொன்னார். எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிற டப்பாவில் ஆதார் நகலோடு வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கும் தெரியும்.