'பாதுகாப்பு குறைவு' எச்சரிக்கையைப் போக்கிய விதம் – என் அனுபவம்

போனில் வைஃபை பெயருக்குக் கீழே 'பாதுகாப்பு குறைவு' என்று ஒரு வரி வந்துகொண்டே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றியும் போகவில்லை. ரவுட்டர் செட்டிங்கில் பார்த்தால், என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்பும் முறை) என்ற இடத்தில் 'டிகேஐபி + ஏஇஎஸ்' என்று பழைய முறை, புதிய முறை இரண்டும் சேர்ந்து இருந்தன. வினை அங்கேதான். வெப் (WEP) என்ற ஆரம்பகால வைஃபை பூட்டு முறை உடைபட்டபோது அவசரத்துக்குப் போட்ட ஒட்டுதான் டிகேஐபி. பழைய சிப்பிலேயே ஓட வேண்டும் என்பதற்காக உள்ளே வெப்பில் இருந்த அதே ஆர்சி4 என்ற குறியாக்க முறையை வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, அதில் இணையும் கருவிக்கு வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

வைஃபை பாதுகாப்பு முறையை 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் மட்டும்' என்று மாற்றியதும் எச்சரிக்கை மறைந்தது.

ஆசை விடவில்லை, அதற்கு அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-க்கும் தாவினேன். 2018-இல் வந்த இதில், ஹேண்ட்ஷேக்கை (கருவி இணையும்போது ரவுட்டரோடு நடக்கும் பரிமாற்றத்தை) பிடித்துவைத்துக்கொண்டு பாஸ்வேர்டை ஆற அமர ஊகித்துப் பார்க்க முடியாது. போன், லேப்டாப் எல்லாம் ஏறிவிட்டன. பழைய பிரிண்டர் மட்டும் அடம். டபிள்யூபிஏ2/3 கலப்பு மோடிலும் ஏறவில்லை. அதற்காக எல்லோருடைய பூட்டையும் தளர்த்துவானேன்? கெஸ்ட் நெட்வொர்க்கை (விருந்தினருக்கென்று ரவுட்டர் தரும் தனி வைஃபையை) 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூபிஏ2-ஏஇஎஸ்ஸில், தனி பாஸ்வேர்டோடு திறந்து பிரிண்டரை அங்கே தள்ளினேன். கெஸ்டில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத ஐசொலேஷனை அணைத்த பிறகே பிரிண்ட் வந்தது. பிரிண்ட் எடுக்கும்போது லேப்டாப்பை அந்த நெட்வொர்க்குக்கு மாற்ற வேண்டும், எரிச்சல்தான், பரவாயில்லை.