உயிரிப்புள்ளியியலில் முனைவர் பட்டம்: அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

மருத்துவ, உயிரியல் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் ஆராய்வதுதான் உயிரிப்புள்ளியியல். பெயரைக் கேட்டதும் உயிரியல் படித்தவர்களுக்கான துறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விலங்கியலும் நுண்ணுயிரியலும் முடித்தவர்கள் ஆர்வத்தோடு விசாரிக்கிறார்கள். கணிதம் படித்தவர்கள் நமக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நிலைமை நேர்மாறானது. அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு ஆள் எடுக்கும் குழு, மதிப்பெண் பட்டியலில் முதலில் தேடுவது கணிதப் பாடங்களை. உயிரியலை அங்கே போன பிறகு கற்றுக்கொள்ளலாம். கணிதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்நாட்டில் கணிதமோ புள்ளியியலோ படித்துக்கொண்டிருப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா?

விண்ணப்பத்துக்குச் செலவழிக்கும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். புள்ளியியல் கணக்கீட்டுக்கான 'ஆர்' (R) மென்பொருள் இலவசம். அதை நிறுவி, 'சர்வைவல்' (survival) என்ற தொகுப்பைத் திறந்தால் 'லங்' (lung) என்ற தரவு கிடைக்கும். முற்றிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 228 பேரின் விவரம் அது. ஒவ்வொருவரும் எத்தனை நாள் கண்காணிப்பில் இருந்தார், முடிவில் இறந்தாரா இல்லையா என்பது அதில் இருக்கும். இறந்தவர்கள் 165 பேர். மீதி 63 பேர் கடைசியாகப் பார்த்தபோது உயிருடன் இருந்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று தரவுக்குத் தெரியாது. (இந்தத் தரவில் 1 என்றால் உயிருடன் இருந்தவர், 2 என்றால் இறந்தவர். மாற்றி எடுத்துக்கொண்டால் எல்லாம் கெட்டுவிடும்.)

இந்த நோயாளிகளில் பாதிப் பேர் எத்தனை நாளுக்குள் இறக்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். இறந்த 165 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு இடைநிலை அளவைப் பார்த்தால் 226 நாள் என்று வரும். எட்வர்ட் கப்லானும் பால் மையரும் 1958-இல் வெளியிட்ட முறைப்படி அந்த 63 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 310 நாள். ஒரே தரவு, 84 நாள் வித்தியாசம். முடிவு தெரியாதவர்களும் 'இத்தனை நாள் வரை உயிரோடு இருந்தேன்' என்ற செய்தியைத் தருகிறார்கள். அவர்களை நீக்கினால் அதிக நாள் வாழ்ந்தவர்களைத்தான் பெரும்பாலும் நீக்குகிறோம். அதனால்தான் விடை சுருங்கிவிடுகிறது.

அடுத்த கேள்வி உங்களுக்கே தோன்றுகிறதா என்று பாருங்கள். ஒருவேளை அந்த 63 பேரில் சிலர் நோய் முற்றி, மருத்துவமனைக்கு வர முடியாமல் நின்றுபோயிருந்தால்? அப்போது 310 என்ற எண்ணையும் நம்ப முடியாதே? இந்தச் சந்தேகம் தூக்கத்தைக் கெடுத்தால் நீங்கள் இந்தத் துறைக்கு ஏற்றவர். எண் வந்துவிட்டது, விடு என்று தோன்றினால் தரவு அறிவியல் வேலைகள் ஏராளமாக இருக்கின்றன. சம்பளமும் சீக்கிரம் கிடைக்கும்.

இரண்டாம் படி: கணிதத்தைச் சரிசெய்யுங்கள்

பல மாறிகளின் நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றும் கட்டாயம். இவற்றோடு மெய்ப்பகுப்பாய்வு இருந்தால் விண்ணப்பத்தின் எடையே வேறு. தொடர்கள், எல்லை, தொடர்ச்சி ஆகியவற்றை நிறுவல்களோடு படிக்கும் பாடம் அது. நம் பி.எஸ்சி கணிதத்தில் அது இருக்கிறது. புள்ளியியல் மாணவர்களில் சிலருக்கு அரைகுறையாகத்தான் கிடைத்திருக்கும். அவர்கள் இணையவழிப் பாடங்கள் தரும் என்பிடெல் தளத்தில் அந்தப் பாடத்தை எடுத்து, தேர்வும் எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். நிறுவல்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நம் பழக்கம் மட்டும் இங்கே உதவாது. முனைவர் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் பார்த்தே இராத கணக்கைக் கொடுத்து நிறுவச் சொல்வார்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தானே ஒரு பக்கம் நிறுவிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள்.

உயிரியலோ மருந்தியலோ படித்தவர்களுக்கும் வழி உண்டு. அவர்கள் முதலில் உயிரிப்புள்ளியியலில் எம்.எஸ்சி முடிப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி. கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது.

மூன்றாண்டு பி.எஸ்சியை மட்டும் வைத்துக்கொண்டு நேராக விண்ணப்பிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்காண்டு பட்டத்தை எதிர்பார்க்கின்றன. எம்.எஸ்சி முடித்தால் அந்தச் சிக்கலும் தீரும், கணிதமும் பலப்படும்.

மூன்றாம் படி: எங்கே?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், மிச்சிகன், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா ஆகியவை எல்லோரும் சொல்லும் பெயர்கள். இவற்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம். எமரி, மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற இடங்களிலும் தரமான துறைகள் இருக்கின்றன. எட்டு முதல் பத்து இடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணமே நூறு டாலரை ஒட்டி வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

துறையின் இணையதளத்தில் தரவரிசையைத் தேடாதீர்கள். பேராசிரியர்களின் கடந்த மூன்றாண்டுக் கட்டுரைத் தலைப்புகளைப் படியுங்கள். மருத்துவப் பரிசோதனை வடிவமைப்பு, மரபணுத் தரவு, தொற்றுநோய் மாதிரிகள், காரணகாரிய ஆய்வு என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு சாய்வு இருக்கும். உங்களுக்குப் பிடித்த ஒன்றில் குறைந்தது மூன்று பேராவது வேலை செய்யும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒருவரை நம்பிப் போனால், அவர் வேறு ஊருக்கு மாறும்போது நீங்கள் நடுவில் நிற்க வேண்டிவரும்.

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் சேர்க்கைக் குழுதான் முடிவெடுக்கிறது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். பிரிட்டனில் நடைமுறை வேறு. அங்கே பெரும்பாலும் நெறியாளரையும் ஆய்வுத் தலைப்பையும் முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்தியாவிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், தில்லி எய்ம்ஸ் ஆகிய இடங்களில் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. சென்னைக்கு இதில் தனி இடமே உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளியோடு வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவில் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும்.

நான்காம் படி: விண்ணப்பத் தாள்கள்

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் வரும். ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்தில் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது வந்துசேரும் வேகம் உங்கள் கையில் இல்லை. உங்கள் மதிப்பெண்ணை அமெரிக்க முறைப்படி நான்குக்கு இத்தனை என்று நீங்களே மாற்றி எழுத வேண்டாம். கேட்டால் ஒழிய, உள்ளதை உள்ளபடியே கொடுங்கள்.

மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வை 2020-க்குப் பிறகு பல துறைகள் கைவிட்டுவிட்டன. விருப்பம் இருந்தால் அனுப்பலாம் என்று சொல்லும் இடங்களில், கணிதப் பகுதியில் 170-க்கு 165-க்குக் கீழே இருந்தால் அனுப்பாமல் விடுவதே என் யோசனை. ஆங்கிலத் தேர்வான டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று. இங்கேதான் நம் மாணவர்கள் சறுக்குகிறார்கள். துறைத்தலைவர் என்பதற்காக, உங்கள் முகமே நினைவில்லாத ஒருவரிடம் வாங்காதீர்கள். கணிதப் பாடம் எடுத்து, நீங்கள் கேட்ட கேள்விகளை நினைவில் வைத்திருக்கும் விரிவுரையாளர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. மூன்று கடிதமும் ஒரே கையில் பிறந்தவை என்பதைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார். அப்படிச் சொன்னால், "ஐயா, நான் செய்த திட்டப்பணியின் விவரத்தை ஒரு பக்கத்தில் குறித்துத் தருகிறேன், கடிதத்தை நீங்களே எழுதித் தர முடியுமா?" என்று பணிவாகக் கேளுங்கள். இன்னொன்று: ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் பரிந்துரையைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஆசிரியருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று செப்டம்பரிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

நோக்க அறிக்கை இரண்டு பக்கம். "சிறுவயது முதலே" என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நீங்கள் கையாண்ட ஒரு தரவைப் பற்றி எழுதுங்கள்: என்ன கேள்வி, எந்த முறை, அந்த முறையின் எந்த அனுமானம் அங்கே பொருந்தவில்லை, அதற்கு என்ன செய்தீர்கள். மேலே சொன்ன 63 பேரைப் பற்றி உங்களுக்குத் தோன்றிய சந்தேகம் போன்ற ஒன்று உங்கள் சொந்தத் திட்டப்பணியில் இருந்தால், அதுவே ஒரு பக்கம் வரும்.

ஐந்தாம் படி: பணமும் பதிலும்

முனைவர் படிப்புக்குக் கல்விக் கடன் வாங்காதீர்கள். நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் தரும். பதிலுக்கு ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை செய்ய வேண்டும். நிதி இல்லாத அனுமதிக் கடிதம் வந்தால், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் நான் மறுக்கத்தான் சொல்வேன். அமெரிக்க அரசின் பயிற்சி நிதிகளில் சில அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. எனவே, "வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் உறுதியாக நிதி கிடைக்கும்?" என்று எழுத்தில் கேளுங்கள். 2025-இல் ஆராய்ச்சி நிதி குறைந்ததால் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைச் சுருக்கின. கனடாவில் ஒன்றிரண்டு இடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பதில்கள் வரும். நிதியோடு இடம் கொடுத்த பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை ஏப்ரல் 15 வரை முடிவுக்காகக் காத்திருக்கும். அதற்குள் அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவர் ஒருவரிடமாவது பேசுங்கள். தகுதித் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள், நெறியாளரை மாற்ற முடியுமா, படிப்பை முடிக்க உண்மையில் எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று கேளுங்கள். பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டில் பாடங்களும் தகுதித் தேர்வும், பிறகு ஆய்வேடு. ஆய்வேடு என்பது பெரும்பாலும் மூன்று கட்டுரைகள். இடையிடையே, நாளைக் காலைக்குள் முடிவு வேண்டும் என்று இரவு ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் அனுப்பும் மருத்துவர்களையும் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இடத்தை ஏற்றுக்கொண்டதும் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தை அனுப்பும். அதை வைத்துச் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எஃப்-1 மாணவர் விசா நேர்காணலுக்கு உடனே தேதி எடுத்துவிடுங்கள். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா தடுப்பூசிச் சான்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும். சிறுவயது அட்டை தொலைந்திருந்தால் இங்கேயே ஊசி போட்டுச் சான்று வாங்கிக்கொள்வது மலிவு. முதல் உதவித்தொகை கைக்கு வரச் செப்டம்பர் முடிந்துவிடலாம். அதுவரை வாடகைக்கும் முன்பணத்துக்கும் சேர்த்து இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.