ஃபேன்டஸி கூடைப்பந்து: ஒப்பந்த லீக்குக்கு ஃப்ரீ ஏஜென்ட் விதிகள் எழுதுவது எப்படி?

ஃபேன்டஸி கூடைப்பந்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டுகிறோம். நிஜ ஆட்டங்களில் அவர்கள் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. ஒவ்வொரு அக்டோபரிலும் அணியைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து டிராஃப்ட் செய்யும் (வீரர்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும்) ஃபேன்டஸி லீக்கில் இரண்டு மூன்று வருடம் ஆடியவர்களுக்கு ஓர் ஏக்கம் வரும். யாருமே கண்டுகொள்ளாத ஒரு பையனை நாம் கண்டெடுத்திருப்போம். அவனை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ள முடியாதா? அதற்கான வழிதான் ஒப்பந்த லீக். என்பிஏ அணிகளைப் போலவே சம்பளமும் ஆண்டுக்கணக்கும் பேசி வீரரை எடுக்கிறோம். ஒப்பந்தம் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம்.

இப்படி ஒரு லீக்கைச் சில வருடங்களாக நடத்தி வருகிறேன். அது நிலைத்து நிற்பது ஒரே ஒரு விஷயத்தில்தான்: வீரரை எத்தனை ஆண்டுக்கு எடுக்கிறோம் என்பதை, அவர் எப்படி ஆடுவார் என்று தெரிவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் விதிகள் எல்லாமே அதைக் காப்பாற்றத்தான். 10 அணிகள், அணிக்கு 13 வீரர்கள் என்று வைத்துக்கொண்டு எண்களைச் சொல்கிறேன்.

படி 1: இரண்டு வரம்புகளை முடிவு செய்யுங்கள்

முதலாவது சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகை. அணிக்கு 200 டாலர் (கற்பனைப் பணம்தான்) என்று வையுங்கள். யாஹூ, ஈஎஸ்பிஎன் தளங்களின் ஃபேன்டஸி ஏலங்களில் ஆடியவர்களுக்குப் பழகிய தொகை அது. எந்த வீரர் எவ்வளவு பெறுவார் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கும். என்பிஏவில் இந்த வரம்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. 2024-25 சீசனில் சுமார் 14.06 கோடி டாலர், 2025-26 சீசனில் சுமார் 15.46 கோடி. புதிதாகத் தொடங்கும் லீக்குக்கு அந்தத் தலைவலி வேண்டாம். 200 என்றால் 200தான்.

இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஆண்டு வரம்பு. சீசன் தொடங்கும்போது ஓர் அணியில் உள்ள எல்லா ஒப்பந்தங்களிலும் மிச்சமுள்ள ஆண்டுகளைக் கூட்டினால் 24க்கு மேல் போகக்கூடாது. ஒரு ஒப்பந்தம் அதிகபட்சம் 3 ஆண்டு. ஐந்து பேருக்கு 3 ஆண்டு கொடுத்தால் 15 போய்விடும். மீதி எட்டுப் பேருக்கு 9 ஆண்டுதான் இருக்கும், அதாவது ஏழு பேருக்கு ஒவ்வோர் ஆண்டு, ஒருவருக்கு மட்டும் 2. இந்த வரம்பு இல்லாவிட்டால் எல்லோரும் எல்லாருக்கும் 3 ஆண்டு எழுதுவார்கள். அடுத்த கோடையில் ஏலம் விட ஆளே இருக்காது.

படி 2: ஒப்பந்தம் முடியும் நாளை எழுதுங்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் லீக் கிட்டத்தட்ட உடைந்ததே இதனால்தான். எங்கள் கூகுள் ஷீட்டில் வீரர் பெயர், சம்பளம், ஆண்டு என்று மூன்று பத்திகள் மட்டும் இருந்தன. ஆண்டு என்ற இடத்தில் “2” என்று இருக்கும். அது தொடங்கும்போது இருந்த 2ஆ, இன்னும் மிச்சமுள்ள 2ஆ? சிலர் ஒவ்வொரு வருடமும் குறைத்து எழுதினார்கள், சிலர் தொடவே இல்லை. ஃபேன்டஸி இறுதிப்போட்டி முடிந்த மறுவாரம் ஒரு நண்பர் தன் ஃபார்வர்டை (முன்கள வீரரை) இன்னொருவருக்கு ட்ரேட் செய்தார், அதாவது வேறு வீரருக்கு மாற்றிக்கொண்டார். வாங்கியவர் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று நம்பி, நல்ல கார்ட் (பின்கள வீரர்) ஒருவரைக் கொடுத்திருந்தார். ஷீட்டைப் பழைய ஏலப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிந்திருந்தது. மூன்று நாள் வாட்ஸப் குழுவில் வேறு பேச்சே இல்லை. கடைசியில் ட்ரேடை ரத்து செய்தோம். இருவருக்குமே மனக்கசப்புதான்.

அதிலிருந்து எண்ணை எழுதுவதே இல்லை. “கடைசி சீசன்” என்று ஒரு பத்தி. அதில் 2027-28 என்று நேரடியாக எழுதிவிடுவோம். யாரும் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. கூடவே ஒரு நாளையும் குறித்தோம்: முடியும் ஒப்பந்தங்கள் எல்லாம் ஜூன் 30 இரவோடு முடியும், ஃபேன்டஸி இறுதிப்போட்டி முடிந்தது முதல் அந்த நாள்வரை, முடியப்போகும் வீரரை ட்ரேட் செய்ய முடியாது. என்பிஏவின் ஒப்பந்த ஆண்டும் ஜூலை 1 அன்றுதான் தொடங்குகிறது என்பதால் நினைவில் வைப்பதும் எளிது.

ஃபேன்ட்ராக்ஸ் தளத்தில் சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பதிந்து வைக்க வசதி உண்டு. வேறு தளத்தில் ஆடுகிறீர்கள் என்றால் ஷீட்தான் உங்கள் பதிவேடு. திருத்தும் உரிமை லீக்கை நடத்தும் கமிஷனருக்கு மட்டும் இருக்கட்டும்.

படி 3: ஏலம்

செப்டம்பரில் நடத்துங்கள். அதற்குள் என்பிஏவில் பெரிய கையெழுத்துகள் முடிந்து, யார் எந்த அணியில் என்று தெரிந்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாவிட்டால் மெதுவான ஏலம் நல்லது: ஒருவர் கேட்ட தொகையை 24 மணி நேரத்துக்கு யாரும் தாண்டவில்லை என்றால் வீரர் அவருக்கு.

ஒரு கட்டுப்பாடு கண்டிப்பாக வேண்டும். காலியாக உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் குறைந்தது 1 டாலர் கையில் இருக்க வேண்டும். 62 டாலர் மிச்சம், 5 இடம் காலி என்றால், ஒரு வீரருக்கு அதிகபட்சம் 58 டாலர்தான் கேட்கலாம்.

படி 4: ஆண்டைச் சொல்லும் நேரம்

ஏலத்தில் ஜெயித்தவர் 24 மணி நேரத்துக்குள் 1, 2 அல்லது 3 என்று குழுவில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 1. பிறகு மாற்றக்கூடாது, நீட்டிக்கவும் கூடாது. சீசன் நடுவே “நன்றாக ஆடுகிறார், இன்னும் இரண்டு வருடம் போட்டுக்கொள்கிறேன்” என்று விட்டால் ஏலமே அர்த்தமில்லாமல் போகும். நீட்டிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் வருவார்கள். மறுத்துவிடுங்கள்.

நீண்ட ஒப்பந்தத்துக்கு விலை இருக்க வேண்டும். முதல் ஆண்டுச் சம்பளத்தில் 10 சதவீதத்தை, பைசா வந்தால் மேல்நோக்கி முழுமையாக்கி, ஒவ்வோர் ஆண்டும் கூட்டுங்கள். 30 டாலர் வீரருக்கு 3 ஆண்டு என்றால் 30, 33, 36. 5 டாலர் வீரருக்கு 5, 6, 7.

நீண்ட ஒப்பந்தம் எப்படித் திரும்பிக் கடிக்கும் என்பதற்கு என்பிஏவிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2016 கோடையில் சம்பள வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. அந்த உற்சாகத்தில் லேக்கர்ஸ் அணி டிமோஃபி மோஸ்காஃபுக்கு 4 ஆண்டு, 6.4 கோடி டாலர் கொடுத்தது. ஒரே வருடத்தில் அந்த ஒப்பந்தத்தை ப்ரூக்ளின் நெட்ஸ் அணியின் தலையில் கட்ட, டி'ஏஞ்சலோ ரஸ்ஸல் என்ற இளம் கார்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

படி 5: முன்னுரிமை உள்ள ஃப்ரீ ஏஜென்ட்

ரூக்கி டிராஃப்டில் (என்பிஏவுக்குப் புதிதாக வரும் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில்) நீங்கள் எடுத்து வளர்த்த வீரரின் முதல் ஒப்பந்தம் முடியும்போது, அவரை ரெஸ்ட்ரிக்டெட் ஃப்ரீ ஏஜென்ட், சுருக்கமாக ஆர்எஃப்ஏ, ஆக்கலாம். மற்ற அணிகள் ஏலம் கேட்கும். பழைய ஓனர் வாய் திறக்கக்கூடாது. ஜெயித்தவர் சம்பளத்தோடு ஆண்டையும் சொல்வார். அதன்பின் பழைய ஓனருக்கு 24 மணி நேரம்: அதே சம்பளம், அதே ஆண்டு கொடுத்துத் தக்கவைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். பேரம் கிடையாது.

என்பிஏவிலும் இப்படித்தான். 2022 ஜூலையில் இந்தியானா பேசர்ஸ் டிஆண்ட்ரே எய்டனுக்கு 4 ஆண்டு, 13.3 கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்தது. ஃபீனிக்ஸ் சன்ஸ் உடனே ஈடு கொடுத்து வைத்துக்கொண்டது. 2012ல் ஜெரமி லின் விஷயத்தில் நேர்மாறு. ஹூஸ்டன் 3 ஆண்டு, 2.5 கோடி சொன்னது. நியூயார்க் நிக்ஸ் விட்டுவிட்டது. இந்த இரண்டு முடிவுகளையும் நம் ஓனர்கள் எடுக்க வேண்டிய அந்த 24 மணி நேரம்தான் இந்த ஆட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

அணிக்கு வருடத்துக்கு ஓர் ஆர்எஃப்ஏ போதும். தக்கவைத்த வீரரை அடுத்த ஜூன் 30 வரை ட்ரேட் செய்யக்கூடாது என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் ஈடு கொடுத்த கையோடு விற்கும் வியாபாரமாகிவிடும்.

படி 6: கழற்றிவிட்டால் என்ன ஆகும்?

மிச்சமுள்ள ஒவ்வோர் ஆண்டின் சம்பளத்திலும் பாதி, அந்தந்த ஆண்டில் உங்கள் வரம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இதைச் செத்த பணம் என்போம். மேலே சொன்ன 30 டாலர் வீரரை முதல் சீசன் முடிந்ததும் கழற்றிவிட்டால், 33இல் பாதி (மேல்நோக்கி முழுமையாக்கி) 17, 36இல் பாதி 18. ஆடாத ஒருவருக்காக இரண்டு வருடம் 183, 182 டாலரோடு அணி கட்ட வேண்டும். 2025 ஜூலையில் மில்வாக்கி பக்ஸ், காயம்பட்டிருந்த டேமியன் லில்லார்டை விடுவித்து, மீதிச் சம்பளத்தை 5 வருடத்துக்குப் பிரித்துப் போட்டது. வருடத்துக்குச் சுமார் 2.25 கோடி டாலர் அந்த அணியின் வரம்பில் அப்படியே நிற்கிறது.

பாதிக்குக் குறைவாக வைக்காதீர்கள். 25 சதவீதம் என்று நாங்கள் ஒரு வருடம் வைத்துப் பார்த்தோம். அந்த வருடம் 3 ஆண்டு எழுத யாருமே யோசிக்கவில்லை.

படி 7: சீசன் நடுவே எடுப்பவர்கள்

அணிக்குத் தனியாக 100 டாலர் கொடுத்து, மூடிய ஏலம் (யார் எவ்வளவு கேட்டார் என்று மற்றவர்களுக்குத் தெரியாத ஏலம்) வையுங்கள். இந்தப் பணம் சம்பள வரம்போடு சேராது. இப்படி எடுத்தவரின் சம்பளம் 1 டாலர், ஒப்பந்தம் அந்த சீசனோடு சரி. எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஜூலையில் அவர் ஃப்ரீ ஏஜென்ட்.

அப்புறம் இரண்டு சிறு வரிகள். வீரர் ஓய்வு பெற்றால் ஒப்பந்தம் செத்த பணம் இல்லாமல் ரத்து. ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ ஆடப் போனால், திரும்பி வரும்வரை சம்பளம் கணக்கில் வராது, ஆனால் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும். காயத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டாம். காயப் பட்டியல் இடத்தில் வையுங்கள், சம்பளம் அப்படியே ஓடட்டும். மூன்று ஆண்டு என்று எழுதியபோது அதையும் சேர்த்துத்தான் எழுதினோம்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே குழுவில் போடுங்கள். பத்துப் பேரும் “சரி” என்று எழுதிய பிறகு முதல் பெயரை ஏலத்துக்கு விடுங்கள்.