பழைய மின்சாரக் காருக்குப் புதிய பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018ஆம் ஆண்டு நிசான் லீஃப் மின்சாரக் கார் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம், "அண்ணா, இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் கம்பெனியே பெரிய பேட்டரி போட்டுத் தரும், இப்போது என்ன அவசரம்?" என்று கேட்டார். பத்தாண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கலிஃபோர்னியாவில் மின்சாரக் காரை நிறுத்தினால் நாலு பேர் வந்து விசாரித்த காலத்தில் ஒன்றை வாங்கி ஓட்டியவன் நான். சார்ஜ் செய்யும் முறை, டயர்க் காற்று போன்றவை ஒரு வாரத்தில் தானாகப் பழகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. பணத்தைக் கரைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெரிய பேட்டரிக்காகக் காத்திருந்து உத்தரவாதத்தைக் கோட்டைவிடுவது

நிறுவனம் தரும் மாற்று பேட்டரி வேறு, கூடுதல் திறனுள்ள பேட்டரி வேறு. முன்னது உங்கள் காருடன் வந்த அதே அளவுக்கு இன்னொன்று. பின்னது புதிய மாடலில் வரும் பெரியது. முதல் தலைமுறைக் காரை வாங்கியவர்கள் பலரும் முன்னதைப் பற்றிய அறிவிப்பைப் படித்துவிட்டு, பின்னது வரப்போகிறது என்று நம்பிக்கொண்டார்கள்.

லீஃப் காரையே எடுத்துக்கொள்வோம். 2010 இறுதியில் 24 கிலோவாட் மணி (பேட்டரி சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரியுடன் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு அதற்கான மாற்று பேட்டரியின் விலை 5,499 டாலர் என்று அறிவித்தார்கள். அதுவும் 24 கிலோவாட் மணிதான். பிறகு 30, 40, 62 என்று புதிய கார்களின் பேட்டரி பெருத்துக்கொண்டே போனபோதும், அவற்றைப் பழைய காரில் பொருத்தித் தர நிறுவனம் முன்வரவில்லை. பேட்டரியின் கட்டுப்பாட்டுக் கருவியும் காரின் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டவை என்பதால், பெட்டியை மட்டும் மாற்றினால் வேலை முடிவதில்லை. பெரிய பேட்டரியைத் தந்தவர்களும் உண்டு. பி.எம்.டபிள்யூ ஐ3 காருக்கு 2016இல் சில நாடுகளில் மட்டும் அந்த வாய்ப்பு இருந்தது. டெஸ்லா தன் ரோட்ஸ்டர் காருக்குச் சுமார் 70 கிலோவாட் மணி பேட்டரியை 29,000 டாலருக்கு, லாபமில்லாத விலை என்று சொல்லியே தந்தது. மொத்தம் 2,450 கார்கள் அளவில்தான் அந்த வகை தயாரானது என்பதை நினைத்தால் அந்த விலையின் காரணம் புரியும்.

என் லீஃப் காருக்குத் திறன் இழப்பு உத்தரவாதம் ஐந்து ஆண்டு அல்லது 60,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை. டேஷ்போர்டில் பேட்டரியின் எஞ்சிய திறனைக் காட்டும் பன்னிரண்டு கட்டங்கள். ஒன்பதுக்குக் கீழே இறங்கினால் கோரிக்கை வைக்கலாம். நான்காவது ஆண்டின் கடைசியில் எட்டுக் கட்டங்களே எஞ்சியிருந்தன. அன்றே சர்வீஸ் நிலையத்துக்குப் போயிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும். ஆனால் அதே திறனுள்ள பேட்டரியை இப்போது வாங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டு பெரியது வரும்போது நமக்கு இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சினேன். காலண்டரில் இன்னும் எட்டு மாதம் இருப்பதைப் பார்த்துத் தைரியமாக இருந்தேனே தவிர, வேலைநாள்தோறும் ஐம்பத்தைந்து மைல் ஓடும் வண்டியின் மைல் கணக்கைப் பார்க்கவில்லை. ஒரு வழியாக நான் போய் நின்ற நாளில் ஓடோமீட்டர் 60,412 காட்டியது. மறுத்த சர்வீஸ் ஆலோசகர் மரியாதையாகத்தான் மறுத்தார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அந்தப் பேட்டரியைப் பிறகு என் கைக்காசில் மாற்றினேன். இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

நான் ஏளனமாக நினைத்த மாற்று பேட்டரி உண்மையில் மட்டமானதும் அன்று. லீஃப் காருக்கு 2014இல் அறிவித்த மாற்று பேட்டரி, வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்படி திருத்தப்பட்ட வகை. 2012இல் அரிசோனாவின் கொதிக்கும் வெயிலில் கட்டங்களை இழந்து உரிமையாளர்கள் முறையிட்ட வரலாற்றை அறிந்தவர்களுக்கு, திறன் கூடாவிட்டாலும் ஆயுள் கூடுவது எவ்வளவு பெரிய லாபம் என்று தெரியும்.

ஆகவே அந்த இளைஞரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அமெரிக்காவில் 2018 மாடலுக்கு உத்தரவாதம் எட்டு ஆண்டு அல்லது 1,00,000 மைல். 2018இல் வாங்கியவருக்கு அது 2026இலேயே முடிகிறது. வண்டி முதன்முதலில் விற்பனையான தேதியையும் இன்றைய மைலையும் ஒரே தாளில் எழுதி, இரண்டில் எது முதலில் முடியும் என்று கணக்குப் போடுங்கள். ஒன்பதாவது கட்டம் மறைந்த அன்றே கட்டங்களும் ஓடோமீட்டரும் சேர்ந்து தெரியும்படி படமெடுத்துக்கொண்டு, எழுத்துமூலம் கோரிக்கை வையுங்கள்.

டேஷ்போர்டுக் கட்டங்களையே முழு உண்மையாக எடுத்துக்கொள்வது

எல்லாக் கட்டமும் ஒரே அளவு அல்ல. லீஃப் காரில் முதல் கட்டம் மறையச் சுமார் 15 விழுக்காடு திறன் போக வேண்டும். அடுத்த ஒவ்வொன்றும் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். எனவே பதினொரு கட்டத்தைக் கண்டு பேட்டரி ஏறக்குறைய புதிது என்று எண்ண வேண்டாம். பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியின் பதிவை அழித்துப் பன்னிரண்டு கட்டங்களையும் மீண்டும் எரியவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சில வாரங்களில் உண்மை நிலை திரும்பிவிடும். காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, பேட்டரி நிலையைக் காட்டும் லீஃப் ஸ்பை செயலியில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

டீலரின் வாய்ச்சொல்

எழுத்தில் இல்லாதது இல்லை.

பழைய பேட்டரியைத் தனியாக விற்கலாம் என்று கணக்குப் போடுவது

அந்த 5,499 டாலர் விலை, பழைய பேட்டரியை ஒப்படைத்தால் மட்டுமே பொருந்தியது. அதற்கு 1,000 டாலர் மதிப்பு ஏற்கெனவே கழிக்கப்பட்டிருந்தது. 2011, 2012 மாடல்களுக்குப் பொருத்தும் சாமான்களுக்கென்று 225 டாலரும், கூலியும் தனி.

வெளிப் பட்டறையில் பெரிய பேட்டரி

செய்ய முடியும். 40 கிலோவாட் மணி பேட்டரியை முதல் தலைமுறை லீஃப் காரில், பேட்டரியும் காரின் கணினியும் பேசிக்கொள்ள நடுவே ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துப் பொருத்துகிறார்கள். ஆனால் அதைப் பற்றி நிறுவனத்திடம் பிறகு எந்த முறையீடும் செல்லாது. பேட்டரியின் எடை முந்நூறு கிலோவை ஒட்டியது, மின்னழுத்தம் 350 வோல்ட்டுக்கு மேல். ஆகையால் வீட்டுக் கொட்டகையில் நீங்களே முயல வேண்டாம். உத்தரவாதம் எஞ்சியிருக்கும் காரில் இதைச் செய்யவே கூடாது.