தேயிலை மலையில் இலை ஒட்டும் அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி?

இலங்கையில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை மலையில் இலையோடு இலை ஒட்டிக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஹோமோனா கொஃபியாரியா என்ற சிறு அந்துப்பூச்சியின் வேலை. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பூச்சியைத் தேடி அலைய வேண்டாம். அதன் நிறம் ஒன்றுக்கொன்று மாறும். இலையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: கூட்டைப் பாருங்கள்
இரண்டு, மூன்று இலைகளைப் பட்டு இழையால் இழுத்துக் கட்டியிருக்கும். மெல்லப் பிரித்தால் உள்ளே கறுப்புத் தலையுள்ள பச்சைப் புழு. விரல் பட்டதும் துள்ளிப் பின்னே போகும். சிலசமயம் இழையைப் பிடித்துக் கீழே தொங்கும். இலை நுனி மட்டும் முக்கோணமாகச் சுருண்டிருந்தால் அது வேறு இனம்.

படி 2: முட்டை
முற்றின இலையின் மேற்பக்கத்தில், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

படி 3: வளர்த்துப் பாருங்கள்
பிரிக்காத கூடு ஒன்றைக் காம்போடு கிள்ளி, போத்தலில் போட்டு, வாயை வலைத்துணியால் கட்டி நிழலில் வையுங்கள். இலை வாடினால் மாற்றுங்கள். மருந்தடித்த மலையின் இலை கூடாது. தண்ணீர் தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

சரி, பூச்சி வந்துவிட்டதா? சிறகு விரித்தால் சுமார் 2 முதல் 2.5 செ.மீ. உட்காரும்போது மேலிருந்து பார்த்தால் மணி வடிவம். வைக்கோல் மஞ்சளிலிருந்து கரும்பழுப்பு வரை நிறம் இருக்கும். ஆண் சிறியது, முன்சிறகின் முன்னோரம், உடலோடு சேரும் பக்கத்தில் மடிந்திருக்கும். பெண் பெரியது.

சில கூடுகளில் அந்துப்பூச்சி வரவே வராது. புழு செத்து, சின்னச் சின்னப் பட்டுக்கூடுகள் கொத்தாகக் கிடக்கும். அது, புழுவின் உடலுக்குள் முட்டையிடும் மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியின் வேலை. ஒரே முட்டையிலிருந்து பல குளவிகள் உண்டாகும். 1935-36இல் ஜாவாவிலிருந்து இங்கே கொண்டுவந்தார்கள். இந்தப் புழுவை இத்தனை காலம் அடக்கிவைத்திருப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. தயவுசெய்து நசுக்காதீர்கள். திரும்ப மலையிலேயே விட்டுவிடுங்கள்.

படி 4: எங்கே கண்டீர்கள் என்று எழுதுங்கள்
தென்னிந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்காசியா வழியாக நியூகினி வரை இது பரவியிருக்கிறது. 1861இல் நீட்னர் என்ற பூச்சியியலாளர் இதை முதலில் விவரித்தது கோப்பிச் செடியின் எதிரியாகத்தான். அப்போது இந்த மலைகளில் கோப்பிதான். 1869க்குப் பிறகு இலைநோயில் கோப்பி அழிய, தேயிலை வந்தது, பூச்சியும் அதில் ஏறிக்கொண்டது. அதனால் திகதி, இடம், உயரத்தோடு எந்தச் செடி என்பதையும் குறியுங்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு கோப்பிச் செடி நின்றால் அதையும் பார்க்கத் தவறாதீர்கள்.