மோவர் பிளேடு மொக்கையானா அடுத்த அறுப்பும் சேர்ந்து போகும்: எப்படி கண்டுபிடிக்கிறது, என்ன பண்றது

பிளேடு தேய்ஞ்சிருக்கான்னு பார்க்க நிறைய பேர் மோவரை, அதாவது டிராக்டர்ல மாட்டி தீவனப்பயிர் அறுக்கிற மிஷினை, தூக்கி வச்சு விரலால தடவிப் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி, அறுத்து முடிச்ச வயல்ல இறங்கி குனிஞ்சு அடிக்கட்டையைப் பாருங்க. கூரான பிளேடு வெட்டின தண்டு மேல்பக்கம் சுத்தமா, ஒரே தளமா இருக்கும், விரல் வச்சா வழுவழுன்னு இருக்கும். மொக்கை பிளேடுன்னா தண்டு நார்நாரா பிஞ்சு நிக்கும், சிலது கீழ வரைக்கும் பிளந்திருக்கும், ஒண்ணு ரெண்டு நாள் போனா அந்த முனையெல்லாம் வெளுத்துப் பழுப்பாகி தூரத்துல இருந்து பார்க்கவே வயல் வாடின மாதிரி தெரியும். வேர் சரியா பிடிக்காத இளம்பயிரா இருந்தா தூரோட பிடுங்கி இழுத்துட்டு வந்ததும் கண்ணுல படும்.

இது ஏன் பெரிய விஷயம்னா தீவனப்பயிரை நாம ஒரு தடவை அறுத்து விட்டுடறதில்ல, மறுபடி மறுபடி அறுக்கிறோம். குதிரைமசால் தூர்ல இருக்கிற மொட்டுல இருந்தும் அடிக்கட்டையில இருக்கிற கணுவுல இருந்தும் துளிர்க்கும், புல் வகைகள் நிறைய அடித்தண்டுல சேர்த்து வச்ச சத்தை எடுத்துத்தான் மேல வரும். அந்த அடிக்கட்டை கிழிஞ்சு காய்ஞ்சு போனா செடி முதல்ல காயத்தைத்தான் பார்க்கணும், துளிர் தாமதமாகும், நோய்க்கிருமி நுழைய பெரிய வாசல் கிடைச்சிடும். அதனாலதான் சொல்றேன், இன்னைக்கு அறுத்தது முழுசா வீட்டுக்கு வந்துடுச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, நஷ்டம் அடுத்த அறுப்புல தெரியும், அப்போ அதுக்குக் காரணம் பிளேடுன்னு யாருக்கும் தோணாது, மழை இல்ல உரம் பத்தலன்னு பேசிட்டிருப்போம்.

டிஸ்க் மோவர், அதாவது ஓரத்துல சின்ன பிளேடு மாட்டின தட்டுங்க (டிஸ்க்) வேகமா சுத்தி அறுக்கிற மோவர், எப்படி வெட்டுதுன்னு புரிஞ்சா மீதி தானா புரியும். கத்தரிக்கோல் மாதிரி எதிர்ப்பக்கம் தாங்க இன்னொரு பிளேடு இதுல கிடையாது. தண்டு நின்ன இடத்துலயே நிக்க, வேகத்துல வந்து அடிச்சு வெட்டுது. டிஸ்க் நிமிஷத்துக்கு சுமார் 3000 சுத்து சுத்தும், அந்த வேகமும் முனையோட கூரும் சேர்ந்தாதான் தண்டு சாயறதுக்குள்ள வெட்டு விழும். கூர் போயிட்டா தண்டு முதல்ல வளையும், அப்புறம் பிய்யும். அதே காரணத்தால ஆக்சிலரேட்டரைக் குறைச்சு ஓட்டுறதும் தப்பு, பிடிஓவுக்கு (டிராக்டர்ல இருந்து மோவரைச் சுத்த வைக்கிற தண்டு) சொல்லியிருக்கிற வேகம் நிமிஷத்துக்கு 540 சுத்தோ 1000 சுத்தோ அதுல நிக்கணும். டீசல் மிச்சம் பிடிக்கிறோம்னு குறைச்சா நல்ல பிளேடு கூட மொக்கை பிளேடு மாதிரிதான் வெட்டும்.

இங்க ஒரு வழக்கமான தப்பு நடக்கும். வெட்டு சரியா விழலன்னதும் ஓட்டுறவர் மோவரை முன்பக்கம் இன்னும் சாய்ச்சு, தரையோட ஒட்டி விட்டு அறுப்பார். வெட்டு கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும், ஆனா பிளேடு மண்ணைச் சொறியும், அந்த மண்ணு புல்லோட கலந்துடும். சைலேஜ் (பச்சைத் தீவனத்தைக் காத்து புகாம அடைச்சு புளிக்க வச்சு சேமிக்கிறது) போடறவங்களுக்கு இது ரொம்பக் கெடுதல், மண்ணுல இருக்கிற கிளாஸ்ட்ரிடியா பாக்டீரியா உள்ள போனா புளிப்பு சரியா ஏறாம நாத்தம் அடிக்கும், மாடு முகர்ந்துட்டு திரும்பிக்கும். மண்ணுல உரசுற பிளேடு இன்னும் சீக்கிரம் தேயும், அப்போ இன்னும் இறக்குவாங்க, இது முடியவே முடியாது. உயரத்தை மாத்தாதீங்க. குதிரைமசாலுக்கு 5-ல இருந்து 7.5 சென்டிமீட்டர், புல் வகைகளுக்குப் பொதுவா 7.5-ல இருந்து 10 சென்டிமீட்டர் விட்டு அறுங்க, பிளேடை மாத்துங்க.

சரி, மாத்துறது எப்படி. முதல்ல பிடிஓவை நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியைக் கையில எடுத்துக்கோங்க, டிஸ்க் சுத்தறது முழுசா நிக்கிற வரைக்கும் கிட்ட போகாதீங்க, ஏன்னா பவர் போன பிறகும் அது கொஞ்ச நேரம் தானா ஓடும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாம அடியில உறுதியான கட்டை கொடுங்க. தடிமனான கையுறை போட்டுட்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் கையால சுத்தி எல்லா பிளேடையும் பாருங்க, ஒண்ணு ரெண்டு பார்த்துட்டு மீதியும் இப்படித்தான் இருக்கும்னு விட்டுடாதீங்க, கல்லுல பட்டது ஒரு பிளேடா மட்டும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது கூர் மட்டும் இல்ல. பிளேடு போல்ட்டுல தாராளமா ஆடணும், கல்லுல பட்டா பின்னால மடங்கித் தப்பிக்கத்தான் அப்படி வச்சிருக்காங்க, மண்ணும் புல்லும் அடைச்சு இறுகி நின்னா சுத்தம் பண்ணுங்க. பிளேடு ஓட்டை முட்டை மாதிரி நீண்டிருந்தாலோ, விரிசல் இருந்தாலோ, வளைஞ்சிருந்தாலோ தூக்கிப் போடுங்க. போல்ட்டோட தலையும் தண்டும் தேய்ஞ்சிருந்தா அதையும் மாத்துங்க, பிளேடு மட்டும் புதுசு போட்டு பழைய போல்ட்டுல மாட்டுறது ஆபத்து. கழண்டு பறக்கிற பிளேடு ரொம்ப தூரம் போகும், அதனாலதான் ஓட்டும்போது ஆள் யாரும் பக்கத்துல நிக்கக் கூடாது, மோவரோட சுத்துத் துணி கிழிஞ்சிருந்தா உடனே மாத்தணும்.

பெரும்பாலான டிஸ்க் பிளேடுல ரெண்டு ஓரமும் கூர் இருக்கும், ஒரு பக்கம் போனா திருப்பிப் போட்டுக்கலாம். முறுக்கு வச்ச பிளேடுல வலது இடதுன்னு தனித்தனியா இருக்கும், டிஸ்க் எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு ஏத்ததைப் போடணும், அம்புக்குறி பார்த்துக்கோங்க. ஒரு டிஸ்க்குல ஒரு பிளேடை மாத்தினா அதே டிஸ்க்குல இருக்கிற மத்ததையும் சேர்த்தே மாத்துங்க, எடை ஒத்துப் போகலன்னா அதிரும், அந்த அதிர்வு பேரிங்கை வாங்கும். சாணை பிடிக்கிறது பத்தி மேனுவல்ல என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க, நிறைய கம்பெனி டிஸ்க் பிளேடை சாணை பிடிக்காம மாத்தத்தான் சொல்றாங்க. அனுமதி இருந்தா பழைய சரிவு கோணத்துலயே மெதுவா பிடிங்க, இரும்பு நீலமா மாறினா சூடேறி கடினம் போச்சுன்னு அர்த்தம், அப்புறம் அது கூர் நிக்கவே நிக்காது.

கத்தரி மாதிரி வெட்டுற சிக்கிள் பார் மோவருக்கு கதை வேற. இடமும் வலமும் ஓடி வெட்டுற முக்கோண பிளேடான செக்‌ஷன் மட்டும் கூரா இருந்தா போதாது, அது உரசி வெட்டுற அசையாத லெட்ஜர் பிளேட்டும் ஓரம் மழுங்காம இருக்கணும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா புல் வெட்டாம மடிஞ்சு உள்ள மாட்டிக்கும். ஒரு பக்கம் ஓடி ஸ்ட்ரோக் முடியிற இடத்துல செக்‌ஷனோட நடு, ஃபிங்கரோட (லெட்ஜர் பிளேட்டைத் தாங்கி முன்னால நீட்டி நிக்கிற இரும்பு விரல்) நடுவுக்கு நேரா வந்து நிக்குதான்னு கையால இழுத்துப் பாருங்க. வளைஞ்ச ஃபிங்கர் ஒண்ணு இருந்தாலே அந்த இடத்துல வெட்டாத கோடு ஒண்ணு வயல் முழுக்க நீளும்.

எப்போ பார்க்கணும்னா, தினமும் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கல்லு சத்தம் கேட்டா அப்பவே நிறுத்தி ஒரு தடவை. டிராக்டர் வழக்கத்தை விட முக்கினாலோ, டிராக்டர் முன்னால போற வேகத்தைக் குறைச்சாதான் வெட்டு விழுதுன்னு ஆனாலோ அறுப்பு முடியட்டும்னு காத்திருக்காதீங்க. புது பிளேடு மாட்டின பிறகு கொஞ்சம் தூரம் அறுத்துட்டு நிறுத்தி நட்டெல்லாம் இன்னொரு தடவை மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்கிப் பாருங்க, அப்படியே இறங்கின கையோட அந்த வரிசையில அடிக்கட்டையையும் பார்த்துட்டு பழைய வரிசையோட ஒப்பிடுங்க, வித்தியாசம் நேராவே தெரியும்.